தமிழ் மாணவர் சங்கம், இல்லினாய்: 2024–25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் சில உறுப்பினர்களே, வணக்கம். இவ்வாண்டின் செயலறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

ஆகஸ்டில் புதிய மாணவர்களை விமான நிலையத்திலிருந்து அழைத்து வந்தோம். தீபாவளி வழக்கம்போல் நடந்தது. பொங்கலும் நடந்தது, பெயர் கொடுக்காமல் வந்தவர்களால் சாப்பாடு பத்தவில்லை. கிரிக்கெட் போட்டி அரையிறுதியோடு நின்றது.

வசந்த காலத்தில் கறுப்பின அமெரிக்கரின் ப்ளூஸ் இசை கேட்கச் சிகாகோ போன பயணம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "தமிழ்ச் சங்கத்துக்கு இது எதற்கு?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். நம் ஊர் வழியாகச் சிகாகோ போகும் ரயில் ஓடுவது பழைய இல்லினாய் சென்ட்ரல் பாதையில். மிசிசிப்பியின் பருத்தி வயல்களை விட்டுக் கறுப்பின மக்கள் பெருந்திரளாக வடக்கே வந்த பாதை அது. அப்படித்தான் ப்ளூஸ் பாடகரும் கிட்டார் கலைஞருமான மடி வாட்டர்ஸ் 1943இல் சிகாகோ வந்து சேர்ந்தார். கிராமத்தில் கணீரென்று கேட்ட கிட்டார், இந்த நகரத்து மதுக்கடை இரைச்சலில் எடுபடவில்லை. மின்சார கிட்டாருக்கு மாறினார். பின்னால் டிரம்ஸும் ஹார்மோனிகாவும் சேர்ந்தன. சிகாகோ ப்ளூஸ் உருவான விதம் சுருக்கமாக இதுதான். நாமோ அதே பாதையில் போய் டிவான் அவென்யூவில் பருப்பும் முறுக்கும் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்.

பகலில் 2120 சவுத் மிஷிகன் அவென்யூ. 1957 முதல் சுமார் பத்தாண்டு செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் இயங்கிய கட்டடம். இப்போது ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்சன் பெயரிலான ப்ளூஸ் ஹெவன் அறக்கட்டளையிடம் இருக்கிறது. முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. வயதுக் கட்டுப்பாடு இல்லை, ஆகவே இளங்கலை மாணவர்களும் வரலாம்.

இரவுக்கு எந்த கிளப் என்பதில்தான் தகராறு. டவுன்டவுனில் உள்ள பெரிய கிளப்புக்குப் போகலாம் என்றது ஒரு தரப்பு. அங்கே இசை நன்றாகவே இருக்கும். சுற்றிலும் நம்மைப் போன்ற வெளியூர்க்காரர்களும் இருப்பார்கள். அக்கம்பக்கத்தார் வந்து உட்காரும் பேட்டை கிளப் வேண்டும் என்றேன் நான். தெற்குப் பகுதியில் 48ஆம் தெரு முனையில் நிலவறையில் நடந்த தெரசாஸ் லவுஞ்சும், 43ஆம் தெருவில் கிட்டார் கலைஞர் பட்டி கை (Buddy Guy) நடத்திய செக்கர்போர்ட் லவுஞ்சும் இன்று அங்கே இல்லை. எஞ்சியவற்றில் ஆர்மிட்டேஜ் அவென்யூவில் உள்ள ரோசாஸ் லவுஞ்சைத் தேர்ந்தெடுத்தோம். மிலானிலிருந்து வந்த டிரம்ஸ் கலைஞர் டோனி மாஞ்சியுல்லோ, தாயார் ரோசாவுடன் 1984இல் தொடங்கியது. "இத்தாலியர் நடத்துவது எப்படி அசல் ஆகும்?" என்று கேட்டவருக்கு என் பதில்: பெயர்ப் பலகையை விட்டுவிட்டு, மேடையில் யார் வாசிக்கிறார், எதிரே இருப்பவர் கேட்கிறாரா பேசுகிறாரா என்று பாருங்கள். கேட்டவர் பயணத்துக்கு வரவில்லை.

அடுத்த செயற்குழுவுக்காகச் சில குறிப்புகள். இப்படிப்பட்ட கிளப்புகள் பெரும்பாலும் 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும்தான். ஜெராக்ஸ், போனில் எடுத்த படம், பல்கலைக்கழக அட்டை எதுவும் செல்லாது. அசல் பாஸ்போர்ட் அல்லது இல்லினாய் மாநில அடையாள அட்டை வேண்டும். இரவில் பாஸ்போர்ட்டோடு அலைவது ஆபத்து என்பதால் மாநில அட்டையே மேல். அட்டை தபாலில்தான் வரும், அதனால் சில வாரம் முன்பே விண்ணப்பியுங்கள். கையில் தரும் தற்காலிகத் தாளை நம்பிக் கிளம்ப வேண்டாம். இன்னொரு சிக்கல்: நம் பாஸ்போர்ட்டில் நாள் முதலில், அமெரிக்காவில் மாதம் முதலில். ஏப்ரல் 11 என்று நாம் சொல்லும் 11/04 என்பதை அங்கே நவம்பர் 4 என்று படிப்பார்கள். 21 அப்போதுதான் முடிந்தவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

நுழைவுக் கட்டணம் போக, ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளாகக் கையில் இருக்கட்டும். இசைக் குழுவுக்கான வாளியோ ஜாடியோ சுற்றி வரும்போது கார்டை நீட்ட முடியாது. சோடா மட்டும் குடித்தாலும் பரிமாறுபவருக்கு டிப்ஸ் உண்டு. கூட்டமாகப் போவதானால் முன்னதாகச் சொல்லிவிட்டு, நான்கு நான்கு பேராகப் பிரிந்து உட்காருங்கள்; இருபது பேர் ஒரே மூலையில் தமிழில் பேசினால் அந்த இடம் கல்யாண மண்டபம் ஆகிவிடும். ஸ்பீக்கருக்கு நேர் எதிரே வேண்டாம், காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

கை தட்டுவதிலும் கவனம் தேவை. ஆதி தாளப் பழக்கத்தில் நாம் முதல் அடியில் தட்டுகிறோம். ப்ளூஸில் நான்கு அடிக்கு இரண்டாவதிலும் நான்காவதிலும் விழ வேண்டும். மாறித் தட்டினால் டிரம்ஸ் வாசிப்பவருக்குத் தொந்தரவு. சுற்று பன்னிரண்டு 'பார்', அதாவது நான்கு அடி கொண்ட பன்னிரண்டு அளவுகள். ஆதார சுரக்கூட்டை (chord) ச என்று கொண்டால், ச நான்கு, ம இரண்டு, ச இரண்டு, ப ஒன்று, ம ஒன்று, கடைசியில் ச இரண்டு. விரல் விட்டு எண்ணிப் பழகியவருக்கு இரண்டாம் பாட்டிலேயே பிடிபடும்.

திரும்பி வருவதுதான் பெரிய பிரச்சினை. தெற்கே வரும் கடைசி ரயில் இரவு எட்டு மணி வாக்கில் புறப்பட்டுவிடும். இசை சூடுபிடிப்பதே அதற்குப் பிறகுதான். அடுத்த ரயில் காலையில். ஆகவே வேன். 25 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஓட்டுநருக்கு வாடகை நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கும். குடிக்காத ஓட்டுநர் இருவர் வேண்டும், ஒருவர் போதாது; நள்ளிரவுக்கு மேல் 57ஆம் நெடுஞ்சாலை கண்ணைச் சுழற்றும்.

இரண்டு வேன் நிறையப் பெயர் கொடுத்தார்கள். அன்று காலை வாட்ஸ்அப்பில் வரிசையாகக் காய்ச்சல், அசைன்மென்ட், அறைத்தோழரின் பிறந்தநாள். வந்தவர்கள் ஒரே வேனில் அடங்கினார்கள். வாடகை இரண்டுக்கும் கட்டினோம். முன்பணம் வாங்காமல் பெயர் எழுதும் வழக்கம் இந்தச் சங்கத்தில் நெடுங்காலமாக இருக்கிறது, யாரையும் குறை சொல்லவில்லை.

வரவு செலவு ஏறக்குறையச் சரிக்குச் சரி. வேன் வாடகையில் விழுந்த துண்டைத் தீபாவளி விழா டிக்கெட் மீதத்திலிருந்து ஈடுகட்டினோம். விவரம் பொருளாளரிடம் உள்ளது.

வேன் ஓட்டிய இருவருக்கும், அரங்கு தந்த பல்கலைக்கழகத்துக்கும், சமையல் குழுவுக்கும் நன்றி.

ஜூனில் மில்லினியம் பார்க்கில் நடக்கும் சிகாகோ ப்ளூஸ் விழா இலவசம், எந்த வயதினரும் போகலாம். அப்போது பாதிப் பேர் இன்டர்ன்ஷிப்பில் இருப்பீர்கள். ஊரில் இருப்பவர்கள் இப்போதே கை தூக்கினால் நல்லது. அடுத்த ஆண்டு கிளப் பயணம் தொடருமா என்பது, செயலாளர் பொறுப்புக்கு யார் முன்வருகிறார் என்பதையும் சந்தா வசூலையும் பொறுத்தது. மூன்றில் ஒரு பங்கினர் இன்னும் கட்டவில்லை. அவர்களில் சிலர் இங்கேயே இருக்கிறீர்கள். பொருளாளர் பட்டியலோடு வாசலருகே, டீ மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

செயலாளர்