பெயர் மட்டும் போதாது. ஆண்டும் நிமிடமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பல்கலைக்கழக நூலகங்களின் ஒலி-ஒளிப் பிரிவில் மாணவர்கள் எடுத்துப் பார்க்கத் தக்க படங்கள் என்று தங்கள் இதழில் வந்த பட்டியலைப் பார்த்தோம். செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் படத்தின் பெயரோடு நிறுத்திவிட்டது பெரிய குறை. ‘உத்தம புத்திரன்’ என்றால் எது? 1940-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்து பி.யு. சின்னப்பா இரட்டை வேடம் போட்டதா, 1958-இல் சிவாஜி நடித்ததா, 2010-இல் தனுஷ் நடித்ததா? முதல் இரண்டுக்கும் கதைக்கரு ஒன்று. மூன்றாவதற்கு அவற்றோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நூலகக் கணினியில் பெயரை மட்டும் தட்டித் தேடுகிற பிள்ளை முதலில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்விடும். ‘ஹரிதாஸ்’ என்றாலும் 1944-இல் ஒன்று, 2013-இல் ஒன்று.

கொங்கு நாட்டு மாணவர்களுக்கான பட்டியல் என்றதும் பொள்ளாச்சி வாய்க்காலும் கோபி வயலும் தெரிகிற படங்கள் முன்னால் வந்துவிடுகின்றன. அவை வெளிப்புறப் படப்பிடிப்புக்கு இங்கே வந்துபோனவை. கோவை சென்ட்ரல், பட்சிராஜா, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆகிய ஸ்டூடியோக்களில் இங்கேயே உருவான படங்களுக்குத்தான் முதல் இடம் தர வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

ஒரே ஒரு வாரம் கையில் இருந்தால் ‘மலைக்கள்ளன்’ (1954), ‘ஆசாத்’ (1955) இரண்டையும் அடுத்தடுத்து பார்க்கச் சொல்லுங்கள். முன்னது நாமக்கல் கவிஞரின் நாவல், வசனம் மு. கருணாநிதி; எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்தது. தமிழுக்கு முதன்முதலாகக் குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்தது. பின்னது அதே கதையை அதே பட்சிராஜாவின் எஸ்.எம். ஸ்ரீராமுலு நாயுடுவே திலீப்குமார், மீனாகுமாரியை வைத்து இந்தியில் எடுத்தது. எந்த இடத்துப் பாட்டு அப்படியே போனது, எது மாறியது, வசனம் குறைந்த இடத்தில் நடனம் எவ்வளவு ஏறியது என்று ஒரு தாளில் இரண்டு பத்தியாகக் குறித்துக்கொண்டு பார்த்தால், மறு ஆக்கம் பற்றி வகுப்பில் சொல்வதைவிடத் தெளிவாக விளங்கும். அடுத்தது, எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் இயக்கிய ‘மந்திரி குமாரி’ (1950). ‘வாராய் நீ வாராய்’ பாட்டோடு நிறுத்திவிடாமல், மலை உச்சியில் அமுதவல்லி கணவனை வலம்வந்து பிறகு தள்ளிவிடும் வரைக்கும் பார்க்க வேண்டும். குண்டலகேசிக் கதை அங்கேதான் இருக்கிறது.

இனி வட்டு (விசிடி, டிவிடி) விஷயம். அலமாரியில் இருக்கிற வட்டில் முழுப் படம் இருக்கிறதா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. வழி சுலபம். தொடக்கத்தில் தணிக்கைச் சான்றிதழ் தெரிந்தால் அதில் நீளம் போட்டிருக்கும். 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர் ஓடும். 4,572 மீட்டர் என்று இருந்தால் 15,000 அடி. 166 நிமிடம் 40 விநாடி. வட்டு 140 நிமிடம் என்று காட்டினால் வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் போவது இரண்டு மூன்று பாட்டும், கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதியும். ஆனால் 160 நிமிடம் இருந்தால் பயப்பட வேண்டாம். விநாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும் படத்தை ‘பால்’ (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் 25 ஆக்கி ஓட்டுவதால் நூற்றுக்கு நான்கு குறைவது அது. காட்சி ஒன்றும் போகாது. பாட்டின் சுருதி மட்டும் அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறிவிடும். ‘ஹரிதாஸ்’ (1944) போன்ற படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதரின் சுருதியைப் பற்றி ஆய்வு எழுதப் போகிறவர் இதைக் கவனிக்காவிட்டால் முடிவே தப்பாகும்.

விசிடி ஒன்றில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும். மூன்று மணி நேரப் படம் இரண்டே வட்டில் இருந்தால், போட்டுப் பார்க்காமலே குறை என்று சொல்லிவிடலாம். ஒரே டிவிடியில் மூன்று படம் அடைத்தவற்றையும் தவிர்ப்பது நல்லது. 4.7 ஜிபியை மூன்றாகப் பங்கிட்டால் இரவுக் காட்சியெல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறும்; கள்ளன் கதையில் பாதி இரவுதானே.

பழைய கறுப்பு-வெள்ளைப் படங்கள் கிட்டத்தட்ட 4:3 அளவு. அகலத் தொலைக்காட்சியில் முகம் பருத்துத் தெரிந்தால் ரிமோட்டில் 4:3 வைத்தால் போதும். கணினியில் விஎல்சி பிளேயரில் பார்த்தால் ‘ஏ’ (A) விசை. பெயர்ப் பலகையிலேயே மேல்வரி அறுபட்டுத் தெரிந்தால் வட்டிலேயே மேலும் கீழும் வெட்டியிருக்கிறது. அதற்கு மருந்து கிடையாது, வேறு பதிப்புதான் தேட வேண்டும்.

நூலகத்தாருக்கும் சில சொல்ல வேண்டும். பார்கோடு ஒட்டியை வட்டின் மேல் ஒட்டவே கூடாது. எடை ஒருபக்கம் சாய்ந்து வட்டு அதிரும், கருவியில் வட்டைப் படிக்கிற ஒளிக்கண் தடுமாறும். பெட்டியில் ஒட்டுங்கள், எண்ணை நடுவில் இருக்கும் ஒளி ஊடுருவும் வளையத்தில் எழுதுங்கள். விசிடியின் அச்சுப் பக்கத்துக் கீறல், கீழ்ப் பக்கத்துக் கீறலைவிட மோசம். தகவல் படலம் அந்த அச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. துடைப்பது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில், சுற்றிச் சுற்றி அல்ல. திரும்பி வரும்போது பெட்டியைத் திறந்து ‘3-இல் 2’ உள்ளே இருக்கிறதா என்று எண்ணி வாங்க வேண்டும். மாணவர்களின் மடிக்கணினியில் இப்போது வட்டு போடும் இடமே இருப்பதில்லை. வட்டோடு, வெளியிலிருந்து செருகும் யூஎஸ்பி டிவிடி டிரைவையும் சேர்த்து இரவல் கொடுத்தால்தான் பரிந்துரை பலிக்கும்.

வகுப்பில் திரையிடலாமா என்று தயங்குகிறார்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் பணியில் மாணவர், ஆசிரியர், பெற்றோர் அளவில் திரையிட இடம் தருகிறது. ஊர் மக்களைக் கூப்பிட்டுப் போட்டால் அது வேறு.

அடுத்த பட்டியலில் ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, இயக்குநர், ஸ்டூடியோ, வட்டின் வகை, ஓடும் நிமிடம் ஐந்தும் அச்சிட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கல்லூரி நூலகப் பணியாளர்கள் இருவர்,
கோவை