பரணில் கிடக்கும் ரீல் பெட்டிகள்

மாப்ளே,

நாலு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டுவதை ஒரே மூச்சில் திட்டி முடித்துவிட்டு இதைப் படி. இங்கே எல்லோரும் சுகம். வாத்தியார் முழங்கால் ஆபரேஷன் முடிந்து நடக்கிறார், வாயும் பழையபடி நடக்கிறது.

அப்பாவின் விநியோக ஆபீஸ் பெட்டிகள் பரணில் கிடக்கின்றன, புளிச்ச வாடை தாங்கவில்லை, எடைக்குப் போடப்போகிறேன், ஷோலே மாதிரிப் படமென்றால் வைத்துக்கொள்ளலாம் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. போட்டுவிடாதே, மாப்ளே. அந்த ஹிந்திப் படம் ஷோலே பட்ட பாட்டைக் கேள்.

1975 ஆகஸ்ட் 15 ரிலீஸ். ஆரம்பத்தில் வசூல் மந்தம், படம் அவுட் என்றே வியாபாரத்தில் பேச்சு. அமிதாப் சாகாதபடி முடிவை மாற்றி எடுக்கலாமா என்றுகூட யோசித்தார்கள். அதே படம் பம்பாய் மினர்வாவில் ஐந்து வருஷம் ஓடியது. நீ நடிகர்களைச் சொல்வாய், நான் காதைச் சொல்வேன். பாலிடார் கம்பெனி போட்ட பாட்டு ரெக்கார்டு எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஜனங்கள் வசனத்தைச் சொல்லிக்கொண்டே கொட்டகையை விட்டு வருவதைப் பார்த்து, வசனத்தையே இசைத்தட்டாகப் போட்டார்கள். அது பிய்த்துக்கொண்டு போனது. அம்ஜத் கானைக் கப்பர் வேஷத்திலேயே நிறுத்தி பிரிட்டானியா குளுக்கோஸ் பிஸ்கட் விற்றது. கொள்ளைக்காரன் கையில் குழந்தைகளின் பிஸ்கட்! ஃபிலிம்ஃபேர் விருது என்னவோ எடிட்டிங்குக்கு மட்டும்தான்.

70 எம்.எம். என்று நாம் கொண்டாடினோமே, அதை எடுத்தது சாதாரண 35 எம்.எம். கேமராவில். 70 கேமரா செலவு கட்டுப்படியாகாது. லென்ஸுக்கு முன் கண்ணாடியில் எல்லைக்கோடு போட்டு, ஆளும் பாறையும் அதற்குள் அடங்கும்படி எடுத்தார்கள். பிறகு அகலமும் உயரமும் 4:3 ஆக இருந்த சட்டத்தை மேலும் கீழும் வெட்டி 2.2:1 ஆகப் பெரிதாக்கினார்கள். உயரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும், கணக்குப் போட்டுப் பார். கோடு தப்பியிருந்தால், படம் பிடித்த கர்நாடகத்து ராமநகரப் பாறை உச்சியில் நிற்பவனுக்குத் தலை இருந்திருக்காது. பிரிண்ட்டின் ஓரங்களில் காந்தப் பட்டைகள், அவற்றில் ஆறு டிராக் ஒலி. 35 எம்.எம். ஃபிலிம் ஒரு நிமிஷத்துக்கு 90 அடி ஓடும், 70 எம்.எம். என்றால் 112.5 அடி வேண்டும். 204 நிமிஷப் படத்துக்குக் கிட்டத்தட்ட 23,000 அடி!

இவ்வளவு ஓடிய படத்துக்கு இன்று ஒரு 70 எம்.எம். பிரிண்ட்கூட மிச்சமில்லை. கேமராவில் ஓடிய அசல் நெகட்டிவும் புளித்துக் கெட்டுப்போனது. பழைய படங்களைக் காப்பாற்றும் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன்காரர்களும் படத்தைத் தயாரித்த சிப்பி ஃபிலிம்ஸும் தேடியபோது, இங்கிலாந்துக் கிடங்கில் ஓர் இன்டர்பாசிட்டிவ், அதாவது நெகட்டிவிலிருந்து எடுத்த இடைப் பிரதி, கிடைத்தது. அதில் வெட்டிய காட்சிகளும் இருந்தன. எமர்ஜென்சிக் காலத்தில் சென்சார் மாற்றச் சொன்ன முடிவு தெரியுமல்லவா? அசலில் போலீஸ் குறுக்கே வராது, கையிழந்த டாக்கூர் ஆணிச் செருப்பால் மிதித்தே கப்பரைக் கொல்வார். 2025 ஜூனில் இத்தாலியின் பொலோனா நகரத் திறந்தவெளித் திரையில் அந்த முடிவோடு படத்தைக் காட்டினார்கள். 50 வருஷம் கழித்து அது திரும்ப வந்தது யாரோ ஒரு பெட்டியைத் தூக்கிப் போடாததால்தான்.

உன் பரணில் அடிக்கும் வாடையும் அதே வியாதிதான். அசிடேட் ஃபிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதைந்து வினிகர் அமிலத்தைக் கக்கும். அந்த ஆவி பக்கத்துப் பெட்டியையும் பிடிக்கும். துரு அதை இன்னும் முடுக்கிவிடும். ஆகையால் முதலில் வாடை அடிக்கிற பெட்டியைத் தனியே எடு. துருப்பிடித்த தகர டப்பாவிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்று, பாலிதீன் பையில் கட்டி மூச்சை அடைக்காதே. ஓட்டுக்கடியில் வேண்டாம், வீட்டிலேயே குளிர்ச்சியான, ஈரமில்லாத அறையில் வை. ஆசைப்பட்டு ஆபரேட்டர் அண்ணனைக் கூப்பிட்டுப் புரொஜெக்டரில் மட்டும் ஏற்றிவிடாதே! நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கியிருந்தாலே பல்சக்கரத்துக்கும் துளைக்கும் ஒத்துப்போகாது, வரிசையாகக் கிழித்துக்கொண்டு போகும். சுற்றிப் பார்ப்பதானால் கையால், மெதுவாக, ஓரத்தை மட்டும் பிடித்து. ஓரத்தில் வெள்ளைப்பொடி பூத்திருந்தால் அந்த ரீலை அவிழ்க்கவே வேண்டாம். கலர் வெளுத்துச் சிவப்பேறியிருந்தால் பயப்படாதே, ஸ்கேன் செய்யும்போது ஓரளவு மீட்கலாம்.

நெகட்டிவ் ரைட்ஸ் வேறொருவரிடம் இருக்கும், நீயாக வெளியிட முடியாது, தெரியும். ஆனால் நம் பழைய படங்கள் எத்தனைக்கோ நெகட்டிவே இல்லை. அப்பா வைத்துப்போன பிரிண்ட்தான் கடைசி என்றால் என்ன செய்வாய்? புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது, பேசிப் பார்க்கலாம்.

ஒவ்வொரு டப்பா மேலும் பெயர், ரீல் எண் எழுதியிருக்கும். திறக்காமல் அதை மட்டும் போட்டோ எடுத்து இந்த வாரமே அனுப்பு. எத்தனை ரீல் குறைகிறது என்று முதலில் பார்ப்போம்.

உன்,
சோடாபுட்டி