பின்வரிசையையும் கொஞ்சம் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இந்திப் படங்களின் பிரம்மாண்டப் பாடல்களைப் பற்றிப் பேச்செடுத்தால், "அபத்தம்தான், ஆனாலும் வந்தா பார்த்துடுவேன்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்பவர்கள்தான் அதிகம். திடீரென்று நூறு பேர் எங்கிருந்து முளைத்தார்கள் என்ற கிண்டலும் பழையதுதான். முளைத்த நூறு பேரையும் ஒரே நேரத்தில் கை தூக்க வைப்பது என்ன பாடு என்று தெரிந்தால் இந்தக் கூச்சம் கொஞ்சம் குறையும்.

திறந்த மைதானம். கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கர். கடைசி வரிசை 30 மீட்டர் தள்ளி நிற்கிறது. ஒலி அங்கே போய்ச் சேர ஒரு விநாடியில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்கு பிடிக்கும். விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் திரையில் அது இரண்டு ஃப்ரேம். கேட்ட தாளத்துக்கு ஒவ்வொருவரும் துல்லியமாகத்தான் ஆடுகிறார்கள், ஆனாலும் பின்வரிசை பிந்தித் தெரிகிறது. க்ளோஸ்-அப்பில் இது தெரியாது; கிரேன் மேலே ஏறி மொத்தக் கூட்டத்தையும் காட்டும்போது மானம் போகும். டான்ஸ் மாஸ்டர் மைக்கில் எவ்வளவு கத்தினாலும் சரியாகாது, அந்தக் குரலும் அதே தாமதத்தில்தானே போகிறது! சில வரிசைகளுக்கு ஒன்றாக, கேமராவில் படாதபடி, சின்ன ஸ்பீக்கர்களைக் குறைந்த ஒலியில் வைப்பதுதான் வழி. பின்னால் இன்னொரு பெரிய ஸ்பீக்கரை மட்டும் வைத்தால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இரண்டு தாளம் கேட்கும்.

துப்பட்டா மெல்ல மிதக்க, உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும் ஷாட் இன்னொரு வித்தை. கேமரா விநாடிக்கு 48 ஃப்ரேமில் ஓடும். பாட்டையும் இரட்டை வேகத்தில் ஓடவிடுவார்கள். பழைய டேப்பில் அது எலி கத்துவதுபோல் கேட்கும். அதற்கு வாய் இரட்டை வேகத்தில் அசைய வேண்டும், உடம்பு நிதானமாக இருக்க வேண்டும். தாளத்தில் மயங்கி உடம்பும் இரட்டை வேகத்தில் ஆடிவிட்டால், 24 ஃப்ரேமில் ஓட்டும்போது எல்லாம் சாதாரண வேகமாகிவிடும். மிதப்பு போச்சு.

'முகல்-ஏ-ஆசம்' (1960) கண்ணாடி மாளிகையில் நேராக அடித்த வெளிச்சம் கேமராவையே குருடாக்கியது. அதைத் துணியில் பட்டுத் திரும்ப வைத்துத்தான் படம் பிடித்தார்கள். 'தில் சே' (1998) படத்துக்காக நம் நீலகிரி மலை ரயிலின் கூரையில் ஆடியதைத் திரும்பப் பாருங்கள். கீழே ஓடும் ரயில், அகலம் குறைந்த கூரை. நடன இயக்குநர் ஃபாரா கான் ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தோளுக்கும் இடுப்புக்கும் கொடுத்திருப்பதன் அருமை அப்போது புரியும்.

எங்கள் குறை இப்போதைய எடிட்டிங்கின் மேல். நிமிடத்துக்கு 96 பீட் உள்ள பாட்டில் ஒரு பீட் 15 ஃப்ரேம். எட்டு எண்ணி முடிக்க ஐந்து விநாடி. ஓர் அசைவு தொடங்கி, விரிந்து, முடிய அந்த ஐந்து விநாடி வேண்டும். அதற்குள் நான்கைந்து வெட்டு விழுந்தால் கண்ணில் தங்குவது தோள், கண்ணிமை, கொலுசு என்று துண்டுகள்தான். காக்ரா சுழலும்போது இது இன்னும் கொடுமை. ஆடுபவர் நின்ற பிறகும் கனமான பாவாடை வேகம் அடங்காமல் சுற்றிக் காலில் ஒட்டும். நல்ல மாஸ்டர் அதற்கென்றே ஒரு பீட் விட்டுவைத்திருப்பார். அந்த பீட்டில்தான் பலரும் கத்தரி வைக்கிறார்கள்.

'தேஜாப்' (1988) படத்தின் 'ஏக் தோ தீன்' பாட்டு போட்ட போட்டில் ஃபிலிம்ஃபேர் நடனத்துக்கென்றே ஒரு விருதை ஏற்படுத்தி, முதலில் அந்தப் பாட்டின் நடன இயக்குநர் சரோஜ் கானுக்குக் கொடுத்தது. நம் நாளிதழ்களின் திரை விமர்சனத்திலோ 'பாடல்கள் கண்ணுக்கு விருந்து' என்ற ஒற்றை வரியோடு நடனத்தின் கதை முடிகிறது. அந்த வரியை எடுத்துவிட்டு, நடன இயக்குநரின் பெயரையும், முழு உருவமாக ஆட்டம் எத்தனை விநாடி தெரிகிறது என்பதையும் உங்கள் விமர்சகர் எழுதினால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
நடனம் பார்க்கும் வாசகர்கள்