தண்ணீர்த் தொட்டி, கைப்பிடிப் பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தொட்டி, படிக்கட்டுக் கைப்பிடிகள், குழாய் இணைப்பு மூன்றும் முடிந்தன. குழாயில் கசிவு இல்லை. இனி, எல்லோரும் கேட்கும் துரு விவகாரம்.

முதல் மழைக்கே கைப்பிடியில் செம்புள்ளிகள் கிளம்பின. தொட்டியின் வெல்டிங் ஓரங்களில் நீலமும் பழுப்புமாக நிறம் ஏறியிருந்தது. 'மட்ட ஸ்டீலை வாங்கி ஏமாந்துவிட்டார்கள்' என்று பேச்சு எழுந்தது. காந்தம் ஒட்டுகிறது என்று சிலர் சாட்சியும் சொன்னார்கள். வளைத்த இடத்திலும் வெல்டிங் கோட்டிலும் நல்ல 304-கூட லேசாக ஒட்டும்; தகட்டின் நடுவில் ஒட்டவில்லை. ஆலைச் சான்றிதழிலும் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் என்றே இருக்கிறது. சாதா இரும்புக்கு ஓட்டிய கிரைண்டிங் சக்கரத்தையும் கம்பி பிரஷையும் ஒப்பந்ததாரர் அப்படியே இதற்கும் ஓட்டியதுதான் வினை. மேற்பரப்பில் பதிந்த இரும்புத் துகள் துருப்பிடித்தது.

பாலிஷ் போட்டால் போய்விடும் என்றார் அவர். அதை மறுத்ததும், கழிவறை கழுவும் ஆசிட்டைக் கொண்டுவந்தார். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம்; அதிலுள்ள குளோரைடு ஸ்டீலில் ஊசிக்குழிகளை அரித்துவிடும். அன்றுதான் பாக்கித் தொகையை நிறுத்தினோம். அவரை இழுத்தடித்தோம் என்று குறைபட்டவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிறகு நடந்த வேலை இது. முதலில் காரச் சோப்புக் கரைசலால் எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கப்பட்டது. தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவும்வரை கழுவச் சொன்னோம். பிசுக்கு இருக்குமிடத்தில் அமிலம் வேலை செய்யாது. வெல்டிங் ஓரங்களுக்கு மட்டும் நைட்ரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமிலங்கள் கலந்த பிக்ளிங் பேஸ்ட் (மேலடுக்கை அரித்தெடுக்கும் பசை) தடவி, காயுமுன் கழுவப்பட்டது. நிறம் ஏறிய படலத்துக்கு அடியில் குரோமியம் குறைந்துபோயிருக்கும். அந்த அடுக்கையும் சேர்த்து எடுக்க சிட்ரிக் அமிலம் போதாது, தனி நைட்ரிக்கும் போதாது. ஹைட்ரோஃபுளோரிக், தோலில் பட்டால் ஆழமாக இறங்கும் அமிலம் என்பதால் அதற்கு முதலுதவியான கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கழுவிய நீர், சுண்ணாம்பு கலந்து அமிலம் முறிந்த பிறகே அகற்றப்பட்டது.

மற்ற இடங்களில் பதிந்த இரும்பை எடுக்கச் சிட்ரிக் அமிலம் பயன்பட்டது. 'நைட்ரிக் பழகிய முறை, சிட்ரிக் ஏன்?' என்ற கேள்விக்குப் பதில்: ஆள் நடமாடும் படிக்கட்டில் நைட்ரிக் புகை வேண்டாம் என்று முடிவெடுத்தோம். 4 முதல் 10 சதவீத சிட்ரிக் கரைசலை, சாதாரண வெப்பநிலையில் குறைந்தது 20 நிமிடம் காயவிடாமல் வைத்திருந்தால் பதிந்த இரும்பு கரைந்துவிடும். அமிலம் தடையை நீக்குகிறது, அவ்வளவே. துருவைத் தடுக்கும், சில நானோமீட்டரே தடிமனுள்ள குரோமியம் ஆக்சைடு படலத்தைக் காற்றிலுள்ள ஆக்சிஜனே கட்டிக்கொடுக்கும்.

கைப்பிடியில் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலை 6 நிமிடம் ஈரமாக வைத்துச் சோதித்தோம். இரும்பு மிஞ்சியிருந்தால் செம்பு படிந்து இளஞ்சிவப்பாகும். கீழ்த்தள வளைவில் அப்படித் தெரிந்த இடம் மறுபடி கழுவப்பட்டது. குடிநீர்த் தொட்டியில் இந்தச் சோதனை கூடாது. அங்கே 24 மணி நேரம் மாறி மாறி நனைத்து உலர்த்தியதில் துரு வரவில்லை. அதன் பிறகே பாக்கி கொடுக்கப்பட்டது.

தொட்டித் தகட்டை ஏற்ற குடும்பம், தளத்துக்கு ஒருவராகக் கைப்பிடி தந்தோர், பம்பு வழங்கியவர், ஒதுக்கீட்டில் இல்லாத அமிலச் செலவைப் பகிர்ந்துகொண்டோர், பெயர் வேண்டாம் என்றவர்கள் அனைவருக்கும் நன்றி. முழுப் பட்டியல் அறிவிப்புப் பலகையில் உள்ளது. விடுபட்ட பெயரைச் செயலாளரிடம் சொல்லுங்கள், வாசலில் நின்று பேச வேண்டாம்.

பிளீச்சிங் பவுடரும் இரும்பு நாரும் கைப்பிடியில் படக் கூடாது. சைக்கிள் சங்கிலியை அதில் பூட்டாதீர்கள். உரசினால் பழையபடி இரும்பு ஒட்டும். கழற்றி வைத்த சங்கிலிகள் அலுவலகத்தில் உள்ளன, உரியவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.

திருப்பணிக் குழு