விற்பதற்கு முன் ஆணையத்தை அமையுங்கள்

அரசுத் தொலைபேசி நிறுவனத்தை விற்று, துறையைத் தனியாருக்குத் திறக்க முடிவெடுத்திருக்கும் நாடுகளின் அமைச்சர்களுக்கும் சட்ட வரைவுக் குழுவினருக்கும்,

வணக்கம். உங்கள் முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. விண்ணப்பம் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த மக்களுக்குப் போட்டி வந்த பிறகுதான் போன் கைக்கு எட்டியது என்பதைப் பல நாடுகளில் பார்த்துவிட்டோம். நான் கேட்பது ஒன்றுதான். முதலில் ஒழுங்குமுறை ஆணையம், அப்புறம் விற்பனை. தயவுசெய்து இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

மாற்றச் சொல்லி முதலில் நெருக்குவது உங்கள் நிதித்துறையாகத்தான் இருக்கும். கடிவாளம் இல்லாத நிறுவனத்துக்கு விலை அதிகம் கிடைக்கும். கூடவே, சில வருஷங்களுக்குப் போட்டியாளரை விடமாட்டோம் என்று எழுதிக் கொடுத்தால் விலை இன்னும் ஏறும். மெக்சிகோ செய்தது அதைத்தான். 1990-இல் தன் தொலைபேசி நிறுவனமான டெல்மெக்ஸை விற்றபோது, தொலைதூர அழைப்புகளில் 1996 வரை ஏகபோகத்தையும் சேர்த்தே கொடுத்தது. கோஃபெடெல் என்ற ஒழுங்குமுறை அமைப்பு வந்ததே 1996-இல்தான். அதற்குள் வாங்கியவர்கள் அசைக்க முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தார்கள். புது ஆணையம் போட்ட உத்தரவுகள் நீதிமன்றத் தடைகளில் சிக்கிக் கிடந்தன. 2005 முதல் 2009 வரையிலான ஐந்தே வருஷங்களில் இந்தத் துறையின் கோளாறுகளால் மெக்சிகோ மக்கள் இழந்தது சுமார் 129 பில்லியன் டாலர் என்று, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடி 2012-இல் மதிப்பிட்டது. கடைசியில் 2013-இல் அரசியலமைப்பையே திருத்தித்தான் வலுவான ஓர் ஆணையத்தைக் கொண்டுவர முடிந்தது. கஜானாவுக்கு அன்று கூடுதலாக வந்த பணத்தை மக்கள் அழைப்புக்கு அழைப்பு கட்டித் தீர்த்தார்கள்.

ஆணையம் வந்ததும் அதன் மேஜைக்கு முதலில் வரப்போகும் சண்டை எது தெரியுமா? வாடிக்கையாளர் கட்டணம் இல்லை. ஒரு நிறுவனத்தின் வலையமைப்பை இன்னொன்றோடு இணைப்பதுதான். புதிதாக வருகிறவரிடம் முதல் நாளில் வாடிக்கையாளர் ஒருவரும் இல்லை. ஊரில் எல்லோரும் பழைய நிறுவனத்தில் இருக்கிறார்கள். அவர்களை அழைக்க முடியாத சிம்மை யார் வாங்குவார்? ஆகவே புதியவரைக் கொல்ல பழையவர் பெரிதாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. இணைப்பைத் தாமதப்படுத்தினால் போதும்.

இந்தியாவில் 2016-இல் நடந்ததைப் பாருங்கள். அந்தச் செப்டம்பரில் ஜியோ சேவையைத் தொடங்கியது. இரண்டு வலையமைப்புகள் சந்திக்கும் இடத்தில், இத்தனை அழைப்புகள் கடக்க இத்தனை இணைப்பு முனைகள் என்று ஒரு கணக்கு உண்டு. அங்கே 1000 அழைப்புகளில் 5-க்கு மேல் நெரிசலால் தடைபடக் கூடாது என்பது விதி. ஜியோவிலிருந்து மற்றவர்களுக்குப் போன அழைப்புகளில் பெரும்பகுதி போய்ச் சேரவே இல்லை. நீங்கள் இலவசமாக அழைப்புகளைக் கொட்டினால் நாங்கள் எப்படித் தாங்குவது என்று பழைய நிறுவனங்கள் கேட்டன. அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விசாரித்து, அடுத்த மாதமே மூன்று நிறுவனங்களுக்குச் சேர்த்து 3,050 கோடி ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று அரசுக்குப் பரிந்துரைத்தது. கவனியுங்கள், பரிந்துரைதான். அதை வைத்து அரசு பணம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது 2021-இல். ஆணையத்தின் கையிலேயே அபராத அதிகாரம் இல்லாவிட்டால் ஒரு மாத வேலை எப்படி ஐந்து வருஷமாக இழுக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். அவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் பணபலம் ஜியோவுக்கு இருந்தது. சிறிய நிறுவனமாக இருந்திருந்தால் மூடிவிட்டுப் போயிருக்கும்.

போட்டிச் சட்டம் இருக்கிறதே, தனி ஆணையம் எதற்கு என்று உங்களிடம் சொல்பவர்கள் இருப்பார்கள். நியூசிலாந்து அப்படித்தான் நம்பியது. 1990-இல் டெலிகாம் என்ற தன் தொலைபேசி நிறுவனத்தை விற்றுவிட்டு, மிச்சத்தைப் பொதுவான போட்டிச் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டது. கிளியர் என்ற புது நிறுவனம் உள்ளூர் இணைப்பு கேட்டது. எந்த விலைக்கு என்பதில் வழக்கு வந்தது. அது அந்நாட்டுக்கு அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1994-இல் தீர்ப்பானது. போட்டியாளரால் தான் இழக்கும் லாபத்தையும் இணைப்பு விலையில் சேர்த்துக் கேட்கலாம் என்ற டெலிகாமின் வாதத்தை நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். சட்டப்படி அது சரியாக இருக்கலாம். மக்களுக்கு அதனால் என்ன பயன்? 2001-இல் தனியாக ஒரு தொலைத்தொடர்பு ஆணையரை நியமித்தார்கள். பிரிட்டனில் 1984-இல் அரசின் பிரிட்டிஷ் டெலிகாம் (பிடி) நிறுவனத்தை விற்ற அதே சட்டம்தான் ஆஃப்டெல் ஆணையத்தையும் உருவாக்கியது. போட்டிக்கு வந்த மெர்க்குரி நிறுவனத்தோடு பிரிட்டிஷ் டெலிகாமுக்கு இணைப்பில் தகராறு வந்ததும், 1985-லேயே ஆணையம் நிபந்தனைகளைத் தீர்மானித்துக் கொடுத்துவிட்டது.

விற்ற பிறகும் அரசு கணிசமான பங்கை வைத்துக்கொள்ளும் என்றால் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். லாபத்தில் பங்கு வாங்கும் அமைச்சகமே உரிமமும் கொடுத்தால் புதியவர் யாரை நம்பி முதலீடு செய்வார்? இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறையே சேவையும் நடத்தியது, உரிமமும் வழங்கியது. 1997-இல் டிராய் வந்த பிறகும், அதன் அதிகாரம் எதுவரை என்று துறையே நீதிமன்றத்தில் மல்லுக்கட்டியது. 2000-இல் சட்டத்தைத் திருத்தி, தகராறுகளுக்குத் தனித் தீர்ப்பாயம் அமைத்து, சேவையை பிஎஸ்என்எல் என்று பிரித்த பிறகுதான் ஓரளவு தெளிவு வந்தது. ஆணைய உறுப்பினர்களுக்கு நிலையான பதவிக்காலம் கொடுங்கள். உரிமக் கட்டணத்திலிருந்து நேரடியாக நிதி வரட்டும். ஒவ்வொரு உத்தரவும் காரணத்தோடு வெளியாகட்டும். மேல்முறையீடு போட்டாலே உத்தரவு நின்றுவிடும் என்ற வசதியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

கிராமங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்குகிறவரின் நல்லெண்ணத்தை நம்பி அவற்றை விடாதீர்கள். 1994-இல் தனி நிதி உருவாக்கிய சிலி, யார் குறைந்த மானியம் கேட்கிறாரோ அவருக்கே வேலை என்று ஏலம் விட்டது. மானியமே வேண்டாம் என்று வந்தவர்களும் இருந்தார்கள். ஊழியர்களின் ஓய்வூதியப் பொறுப்பு யாருடையது என்பதையும் விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்போதைக்கு உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். ஏலத்துக்கு அழைப்பு விடுவதற்கு முன், ஆணையத்தின் உறுப்பினர்கள் பதவியேற்றிருக்க வேண்டும். எந்த இடத்தில், எத்தனை நாளுக்குள், என்ன விலைக்குப் பழைய நிறுவனம் இணைப்புத் தர வேண்டும் என்ற ஆவணத்தின் வரைவை அவர்கள் மக்கள் பார்வைக்கு வைத்திருக்க வேண்டும். வாங்க வருகிறவர் அதைப் படித்துவிட்டே விலை சொல்லட்டும். அந்த விலை குறைந்தால் குறையட்டும்.

இப்படிக்கு,
தொலைத்தொடர்புக் கொள்கையைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒருவர்