டக்ளஸ் ஆடம்ஸை முதலில் காதால் கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மே 25 'துண்டு தினம்' வந்தால், ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டக்ளஸ் ஆடம்ஸின் நினைவாக அவருடைய ரசிகர்கள் துண்டோடும், அவர் கதையில் வாழ்க்கை பற்றிய கேள்விக்கு விடையாக வரும் 42 என்ற எண்ணோடும் நின்றுவிடுகிறார்கள். அவர் முதலில் வானொலிக்காரர் என்பது பேச்சிலேயே வருவதில்லை. அவருடைய விண்வெளி நகைச்சுவைக் கதை 'ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி' புத்தகமானது 1979-இல். அதற்கு முந்தைய ஆண்டு மார்ச் 8 இரவு 10.30-க்கே பிபிசி ரேடியோ 4-இல் நாடகமாக ஒலிபரப்பாகிவிட்டது. ராக் இசைத்தட்டைப் போல ஒலி அடுக்கடுக்காக விழ வேண்டும் என்று விரும்பியவர் அவர். அந்தத் தாளம்தான் நகைச்சுவையின் பாதி.

கதையில் இருவரை விண்வெளியில் தூக்கி எறிந்துவிட்டார். 30 விநாடிக்குள் ஒரு கப்பல் வந்து காப்பாற்றுவது நம்ப முடியாத தற்செயல். எதிராளியின் பலத்தையே அவனுக்கு எதிராகத் திருப்பும் ஜூடோ உத்தி அப்போது கைகொடுத்தது: நடக்கவே வாய்ப்பில்லாததையே எரிபொருளாக்கி ஓடும் கப்பலை உருவாக்கினார். கதைச் சிக்கலே கதையின் அறிவியலாகிவிட்டது!

முதல் புத்தகம் சட்டென்று அறுந்து நிற்பதற்கும் காரணம் உண்டு. கெடு பலமுறை தாண்டிவிட்டதால், எழுதுகிற பக்கத்தை முடித்துக் கொடுக்கும்படி பதிப்பகம் கேட்டுவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆறு பகுதி நாடகத்தில் ஏறக்குறைய நான்கின் கதைதான் அதில் இருக்கிறது.

விலங்கியலாளர் மார்க் கார்வர்டைனுடன் அழியும் உயிரினங்களைத் தேடிப்போன 'லாஸ்ட் சான்ஸ் டு சீ' 1989-இல் வானொலியிலும் மறு ஆண்டு நூலாகவும் வந்தது. என் கணக்கில் அவருடைய சிறந்த படைப்பு அதுதான். சீனாவின் யாங்சி ஆற்றில் வாழ்ந்த 'பைஜி' ஓங்கிலுக்குக் (டால்பின்) கண் பார்வை மிகக் குறைவு. எதிரொலியை வைத்துத்தான் வழி அறியும். அது கேட்கும் உலகத்தைப் பதிவுசெய்ய நீருக்கடியில் இயங்கும் மைக் கையில் இல்லை. ஷாங்காயில் ஆணுறை வாங்கி, சாதாரண மைக்கில் மாட்டி ஆற்றில் இறக்கினார்கள். கிடைத்தது படகு இயந்திரங்களின் இரைச்சல் மட்டும். ஆணுறைக்கு அலைந்த கதையில் சிரிக்கும் வாசகர், அந்த இரைச்சலில் ஓங்கில் எப்படி வழி தேடும் என்று உடனே திகைத்துப்போவார். 2006-இல் ஆறு முழுக்கத் தேடியும் ஒரு பைஜிகூடத் தென்படவில்லை.

புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் அந்த ஆறு பகுதிகளையும் கேட்டுவிட்டு, பிறகு 'ஹிட்ச்ஹைக்கர்ஸ்' வரிசையின் முதல் இரு நாவல்களையும் சேர்த்தே படிக்கட்டும். தங்கள் நூல் அறிமுகப் பக்கத்தில் 'லாஸ்ட் சான்ஸ் டு சீ'க்கு ஒரு வாரம் இடம் ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

- வாசகர், மதுரை