கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பும் மனுவோடு ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

நம் சென்னையின் எஃப்சி கால்பந்து கிளப்புக்கு அனுப்புவதற்காக நீங்கள் எழுதிய மனு வந்து சேர்ந்தது. நான்கு கோரிக்கைகளையும் ஒன்றுக்கு இரண்டு முறை படித்துவிட்டேன். நான் அதில் கையெழுத்திடப் போவதில்லை. இதை உங்களிடம் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் என் பெயரும் மனுவில் இருக்கும் என்று நம் ரசிகர் கூட்டத்தாரிடம் நீங்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். என்னைக் கேட்காமல் பொதுவில் சொல்லப்பட்ட ஒன்றுக்குப் பொதுவில்தான் பதில் சொல்ல முடியும் என்பதால் இங்கே எழுதுகிறேன். இன்று 2025 மார்ச் 17. இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை நாம் வென்ற பெங்களூரு இறுதியாட்டத்துக்கு ஏழு ஆண்டுகள் ஆகின்றன என்பதற்காகவே மனுவுக்கு இந்தத் தேதியைக் குறித்தீர்கள் என்று தெரியும். அந்த ஆட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? மைல்சன் அடித்த இரண்டையும் ராஃபேல் அகஸ்டோ அடித்த மூன்றாவதையும் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே தேய்த்துவிட்டோம்.

எனக்குச் சிக்கல் முதல் கோரிக்கையில்தான். 2018-இல் கோப்பை வென்றவர்களில் இன்னும் ஆடிக்கொண்டிருப்பவர்களை வீரர்களாகவும், ஓய்வுபெற்றவர்களைப் பயிற்சியாளர்களாகவோ ஆலோசகர்களாகவோ திரும்ப அழைத்து, அவர்களைச் சுற்றி அணியை மறுபடியும் கட்ட வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். பதின்மூன்று அணிகளில் பதினோராம் இடத்தில் பருவத்தை முடித்திருக்கும் ஒரு அணியின் ரசிகர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் நம் சென்னையின் எஃப்சி இதைச் செய்து பார்க்காமல் இல்லையே அண்ணா. 2020-இல் கொல்கத்தாவின் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்ற இறுதியாட்டம் வரை நம்மைக் கொண்டுபோனவர்கள் யார் யார் என்று கேட்டால் பயிற்சியாளர் ஓவன் கோய்ல், நடுக்களத்தில் கிரிவெல்லாரோ, முன்னால் வால்ஸ்கிஸ் என்று நீங்கள் தூக்கத்திலும் சொல்வீர்கள். அந்த மூவரையுமே நாம் பின்னாளில் திரும்ப அழைத்தோம். ஜம்ஷெட்பூருக்குப் போன வால்ஸ்கிஸ் 2022 ஜனவரியில் வந்தார், அந்தப் பருவத்தை எட்டாம் இடத்தில் முடித்தோம். கோய்லும் கிரிவெல்லாரோவும் 2023-இல் வந்தார்கள். முதல் ஆண்டில் ஆறாம் இடமும் கோவாவிடம் 2-1 என்று தோற்ற லீக் சுற்றுக்குப் பிந்தைய ஒரு பிளே-ஆஃப் ஆட்டமும் கிடைத்தன. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், மூன்று பருவங்கள் தொடர்ந்து எட்டாம் இடத்தில் கிடந்தவர்களுக்கு அது பெரிய விஷயம்தான். அடுத்த ஆண்டு நடந்ததைத்தான் இப்போது பார்த்து முடித்திருக்கிறோம். ஊருக்குப் போன மாப்பிள்ளையை மறுபடி விருந்துக்கு அழைப்பதைப் போல அணியைக் கட்டினால், விருந்து நடக்கும், அணி நடக்காது.

நீங்கள் உடனே, வெற்றி பெற்ற அணியைக் கலைத்ததுதான் குற்றம் என்பீர்கள். அதுவும் சரியில்லை. 2015-இல் கோவாவில் அந்தக் கடைசி நிமிடங்களில் கோப்பையைப் பறித்துக்கொண்டு வந்தோம். பதின்மூன்று கோல் அடித்த மெண்டோசா போய்விட்டார், அடுத்த ஆண்டு எட்டு அணிகளில் ஏழாம் இடம். சரி, கலைந்ததால் விழுந்தோம். ஆனால் 2018-க்குப் பிறகு கலையவில்லையே. ஜெஜே, தாபா, மைல்சன், ராஃபேல், நெல்சன், கால்டெரோன், கரண்ஜித் என்று பெரும்பாலானவர்களை வைத்துக்கொண்டோம், பயிற்சியாளர் ஜான் கிரெகரியும் இருந்தார். 18 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள், 9 புள்ளிகள், கடைசி இடம். கலைத்தபோதும் விழுந்தோம், கலைக்காதபோதும் விழுந்தோம் என்றால், பிரச்சினை பழைய ஆட்களை வைத்திருப்பதிலோ விடுவதிலோ இல்லை என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான் என்ன நினைக்கிறேன் என்று சொல்கிறேன். 2015-இல் ஆறு வெளிநாட்டு வீரர்கள் களத்தில் இறங்கலாம், ஆகவே ஐந்து நல்ல இந்திய வீரர்கள் இருந்தால் போதும். 2018-இல் ஐந்து வெளிநாட்டினர், ஆறு இந்தியர்கள். 2021-22 முதல் நான்கு வெளிநாட்டினருக்குத்தான் இடம். பதினொருவரில் ஏழு பேர் இந்தியர்கள் என்று ஆன பிறகு லீக்கை வெல்வது அந்த ஏழு பேர்தான். அந்த விதி நடைமுறைக்கு வந்த அதே காலத்தில் நாம் யாரை விட்டோம் என்று பாருங்கள். 2022 ஜனவரியில் சாங்தே மும்பைக்குப் போனார். அடுத்த பருவத்திலேயே லீக்கின் சிறந்த வீரர் விருதை வாங்கினார். அந்தக் கோடையில் விஷால் கைத் கொல்கத்தாவுக்குப் போனார்; அவர் சிறந்த கோல்கீப்பருக்கான தங்கக் கையுறை வாங்கினார். ஜெர்ரி ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2023-இல் தாபாவும் போய்விட்டார். பதினெட்டு வயதில் நம்மிடம் வந்து, நம் கண் முன்னால் வளர்ந்து, கேப்டனாகி, பிறகு மோகன் பகானுக்கு. ஒரு கோல்கீப்பர், ஒரு இடது பின்கள வீரர், ஒரு நடுக்கள வீரர், ஓரத்தில் ஓடி ஆடும் ஒரு விங்கர். இன்று நம் கிளப் தேடிக்கொண்டிருக்கும் முதுகெலும்பே அதுதான், அதைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாமே வழியனுப்பி வைத்தோம்.

இவர்களில் சாங்தேயும் விஷால் கைத்தும் உங்கள் மனுவில் இல்லை. ஏனென்றால் அந்த இருவரும் 2018-இல் நம் அணியில் இல்லை. இந்தப் பருவத்தின் நடுவில் நடந்ததும் மனுவில் இல்லை. இருபத்தொரு வயது பிகாஷ் யும்னாமைக் கேரளாவுக்குக் கொடுத்துவிட்டு, முப்பத்தொரு வயது பிரீதம் கோட்டாலை வாங்கினோம். கோட்டால் நல்ல வீரர், இந்திய அணிக்காக நெடுங்காலம் ஆடியவர், அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நம் நாட்டில் இளம் சென்டர்-பேக், அதாவது பின்களத்தின் நடுவில் ஆடுபவர், கிடைப்பது எவ்வளவு அரிது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்தான். அந்தச் செய்தி வந்த அன்று உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. ஏழு ஆண்டுகளுக்கு முன் போனவர்களுக்காக மனு எழுத நேரம் இருக்கிறது, நேற்றுப் போனவனுக்காக வருந்த நேரம் இல்லை.

இப்படிச் சூடாக எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். உங்களோடு கோபப்படும்போதெல்லாம் எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை இரவுதான் நினைவுக்கு வருகிறது, நான் அதைக் கூப்பிடாவிட்டாலும்.

2018-இல் கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். முதல் ஆட்டம் 1-1. நேரு ஸ்டேடியத்தில் ஓட்டப்பந்தயத் தடத்துக்கு அப்பால் களம் எப்போதும் தூரமாகத்தான் தெரியும், முகங்கள் தெரியாது, நடையை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்வீர்கள். ஜெஜே முதல் கோலை அடித்தபோது நம் வரிசையே எழுந்துவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவரின் தேநீர்க் கோப்பை என் சட்டையில் கவிழ்ந்தது, அதை நான் துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஃப்ரீ கிக். நெல்சன் பந்தை உள்ளே தூக்கினார். கூட்டத்துக்கு நடுவிலிருந்து ஒரு தலை எழும்பி முட்டியது. அது யார் என்று எனக்குத் தெரிவதற்கு முன் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எல்லோரும் கத்திக்கொண்டிருந்தபோது நீங்கள் மட்டும் உட்கார்ந்துவிட்டீர்கள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தீர்கள், கடிகாரப் பட்டை சதையில் பதியும் அளவுக்கு. "தனபால் கணேஷ்டா, நம்ம வடசென்னைப் பையன்டா" என்று இரண்டு முறை சொன்னீர்கள், எனக்குச் சொல்வதாக அல்ல. அலுவலக அணிக்காகச் சென்னை லீக்கில் காலியான மைதானங்களில் லெஃப்ட்-ஹாஃப் ஆடி ஓய்ந்த ஒரு மனிதர், தன் பக்கத்துப் பிள்ளை ஒருவன் இவ்வளவு கூட்டத்துக்கு முன்னால் கோல் அடித்ததைப் பார்க்கிறார் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. ஆட்டம் முடிந்து பெரியமேடு வழியாகச் சென்ட்ரல் வரை நடந்தோம். நீங்கள் வழக்கத்துக்கு மாறாக ஒன்றுமே பேசவில்லை. என் டிக்கெட் பணத்தையும் வாங்க மறுத்துவிட்டீர்கள்.

அடுத்த பருவத்தின் பெரும்பகுதியைக் கணேஷின் முழங்கால் தின்றுவிட்டது. பிறகு நடந்ததைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை. இதைப் படிப்பவர்களில் அன்று அந்த உரையாடலில் இருந்தவர்களும் உண்டு, அவரவர் வீட்டில் அவரவர் நினைவு வேறு மாதிரி இருக்கும். காயத்திலிருந்து மீளாத வீரருக்கு உணர்ச்சியின் பேரில் ஒப்பந்தம் நீட்டிக்கக் கூடாது என்று நான் எழுதினேன். அதற்கு நீங்கள் எனக்குத் தந்த பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது பொதுவில் சொல்லப்பட்டது, அதற்குப் பிறகு நீங்கள் ஸ்டேடியத்துக்கு வரவில்லை. இவை இரண்டும் நடந்தவை.

நான் மன்னிப்புக் கேட்பதென்றால், கணேஷைப் பற்றி எழுதுவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். கருத்துக்காகக் கேட்க முடியவில்லை. கிளப்பிடம் பணம் கொட்டிக் கிடக்கவில்லை, ஒப்பந்த இடங்களும் கணக்கானவை, ஒரு இடத்தை நன்றிக்காகக் கொடுத்தால் இன்னொரு பையனுக்கு இடமில்லை என்பது அன்றும் உண்மை, இன்றும் உண்மை. ஆனால் அந்தப் பையன் வந்தானா என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இடத்தைக் காலி செய்யச் சொன்ன என்னைப் போன்றவர்கள், அந்த இடத்தில் யார் வர வேண்டும் என்று அதே உரத்த குரலில் கேட்கவில்லை. அதை நீங்களும் கேட்கவில்லை.

யார் வந்திருக்க வேண்டும்? சென்னையிலிருந்தே நந்தகுமார் சேகர் எழுந்தார். டெல்லிக்கும் ஒடிசாவுக்கும் ஆடினார், பிறகு ஈஸ்ட் பெங்காலுக்காக 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானை ஒற்றை கோலில் வீழ்த்தினார். கொல்கத்தா அந்த இரவைக் கொண்டாடியபோது நீங்கள் எனக்கு அனுப்பிய ஒரே செய்தி, "இவன் நம்மிடம் ஏன் இல்லை" என்பது. அதற்கு நான் பதில் அனுப்பவில்லை. காரைக்குடிப் பக்கத்திலிருந்து சிவசக்தி பெங்களூருவுக்குப் போனார். குமரி மாவட்டக் கடலோரத்திலிருந்து சூசைராஜ் ஜம்ஷெட்பூருக்குப் போனார். நாம் கடைசி இடத்தில் கிடந்த அதே 2018-19 பருவத்தில், சென்னை சிட்டி அணி கோயம்புத்தூரில் இருந்துகொண்டு நாட்டின் இன்னொரு பெரிய லீக்கான ஐ-லீக்கையே வென்றது. அந்த அணியிலிருந்து எட்வின் வான்ஸ்பால் நம்மிடம் வந்தது உண்மைதான். ஆனால் அந்த அணியில் ஆடியவர்களையும், இங்கே வளர்ந்து வெளியே போனவர்களையும் முதலில் கேட்கும் உரிமை நமக்கு இருந்தது என்று எப்போதாவது நடந்துகொண்டோமா?

இது ஊர்ப் பாசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்ப் பெயர் இருப்பவரெல்லாம் நல்ல வீரர் ஆகிவிட மாட்டார். மிசோரமிலிருந்து வந்த ஜெஜேதான் நமக்கு அதிகக் கோல் அடித்தவர். அவரைவிடச் சென்னைக்காரர் யார் என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வது கணக்கு. பக்கத்தில் வளர்ந்த பையனைப் பதினாறு வயதிலேயே பார்க்க முடியும், குறைந்த செலவில் எடுக்க முடியும், தவறாகப் போனால் இழப்பு சிறியது. கொல்கத்தாவும் மும்பையும் பெரிய தொகையோடு வரும்போது நம்மால் போட்டியிட முடியாது என்றால், அவர்களுக்கு முன்பே பார்த்திருப்பது ஒன்றுதான் நம்மிடம் இருக்கும் வழி.

இப்போது இருப்பவர்களில் யாரை வைத்துத் தொடங்கலாம் என்று கேட்டால், இர்ஃபான் யத்வாட், ஜிதேஷ்வர் சிங், கோலில் சமிக் மித்ரா ஆகிய மூவரையும் நீண்ட ஒப்பந்தத்தில் கட்டிவைக்கச் சொல்வேன். ஆட்டத்தின் நடுவில் அவர்கள் தவறு செய்யும்போது கேலரியிலிருந்து நாம் கத்தாமல் இருக்க வேண்டியிருக்கும். எனக்கு அது கடினம், உங்களுக்கு அதைவிடக் கடினம். கானர் ஷீல்ட்ஸை விட்டுவிடக் கூடாது, இந்தப் பருவத்தில் நமக்குக் கிடைத்த வாய்ப்புகளில் பெரும்பங்கு அவர் கால்களிலிருந்து வந்தவை. முன்கள வெளிநாட்டினர் வயது முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு என்று போவதை நிறுத்த வேண்டும். கிரெகரி தொடங்கி கோய்ல், லாஸ்லோ, பண்டோவிச், பிரடாரிச், மறுபடி கோய்ல் என்று பயிற்சியாளர்கள் மாறும் ஒவ்வொரு முறையும் வெளிநாட்டு வீரர்களின் பட்டியலும் தலைகீழாக மாறுகிறது. பயிற்சியாளர் யாராக இருந்தாலும் அவருக்கு மேல், வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் ஒருவர் நிலையாக இருக்க வேண்டும். உங்கள் மனுவின் மூன்றாவது கோரிக்கை கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறது. அதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது.

ஆகவே முதல் கோரிக்கையை எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் தமிழ்நாட்டு மாவட்ட லீக்குகளுக்கு முழுநேரமாக ஆள் அனுப்பி வீரர்களைப் பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள். இருபத்து மூன்று வயதுக்குக் கீழ் உள்ள இந்திய வீரரை மாற்றிக்கொடுப்பதற்கு முன் ரசிகர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று இன்னொரு வரியும் வேண்டும். ஆலோசகர் பதவிக்குக் கணேஷின் பெயரை மட்டும் வைத்துக்கொள்ள விரும்பினால், வடசென்னையில் பையன்களைப் பார்க்கும் வேலைக்கு என்று மாற்றி எழுதுங்கள். அதை நான் எதிர்க்க மாட்டேன். இந்த மாற்றங்களோடு வந்தால் அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன். முடியாது என்றால் மனுவை உங்கள் பெயரில் அனுப்புங்கள், என் பெயர் அதில் வர வேண்டாம்.

அன்புடன்,
தம்பி